அப்பா கட்டில்ல ஒரு பட்டன்

போன மாசம் அப்பா பாத்ரூம் வாசல்ல விழுந்துட்டார். ரொம்ப நேரம் கூப்பிட்டிருக்கார். சமையலறையில இருந்த எனக்குக் கேட்கவே இல்ல.

அன்னைக்கிலிருந்து இதே வேலை. அவர் கட்டில்ல ஒரு பட்டன், சமையலறையில ஒரு மணி. ரெண்டு பக்கமும் சின்ன சர்க்யூட் போர்டு வச்சு, சிக்னல் அனுப்ப வயர்லெஸ் மாட்யூல் மாட்டினேன்.

பத்து தடவை அமுக்கினா ரெண்டு தடவைதான் அடிச்சது. மூணு வாரமா புரோகிராமை மாத்தி மாத்தி எழுதி அலுத்துப் போச்சு.

இன்னைக்கு எல்லாத்தையும் பையில போட்டு, கூலாய் டவுன்ல எலக்ட்ரானிக்ஸ் கடை வச்சிருக்கிற சீன அங்கிள்கிட்ட கொண்டு போனேன். புரட்டிப் பார்த்துட்டு மலாய்ல சொன்னார்:

"புரோகிராம் சரிதான் லா. சிக்னல் அனுப்புற நேரத்துல கரண்ட் பத்தல."

மாட்யூல்ல கரண்டைச் சேர்த்து வச்சுக் கொடுக்கிற ஒரு குட்டி கெப்பாசிட்டரை சோல்டர் பண்ணிக் கொடுத்தார். அவ்வளவுதான். அலமாக்னு தலையில அடிச்சுக்கிட்டேன், இதுக்கா மூணு வாரம்!

வீட்டுக்கு வந்து மாட்டினேன். சமைச்சுக்கிட்டு இருந்தப்ப மணி அடிச்சது. அடுப்பை அணைச்சுட்டு ஓடினேன்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. உனக்குக் கேட்குதான்னு பார்த்தேன்."

சாயங்காலத்துக்குள்ள பதினாலு தடவை பார்த்துட்டார். பதினாலு தடவையும் ஓடினேன். ஓடாம இருக்க மனசு வரல.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, நிஜமா கூப்பிடுறதையும் சும்மா கூப்பிடுறதையும் பிரிச்சுச் சொல்ற மாட்யூல் எங்கே கிடைக்கும்?