கீழேதான் நிற்கிறேன்

ஒரு வேலையை எடுக்கலாமா வேண்டாமா என்று இப்போதெல்லாம் நான் அதிகம் யோசிப்பதில்லை. மனைவியிடம் மறைக்காமல் சொல்ல முடிந்தால் ஏணியில் ஏறுவேன். முடியாவிட்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். இந்தப் பழக்கம் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டில் வந்தது.

மாடியிலிருந்து சீரியல் செட் விளக்குகள் தொங்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். மாடிச் சுவரை ஒட்டியே தெரு மின்கம்பி போனது. எலக்ட்ரீசியனுக்கே உரிய திமிரில் ஏணியில் ஏறிவிட்டேன். பாதியில் மனைவியின் போன்.

"எங்க நிக்கிறீங்க?"

"கீழதான் நிக்கிறேன்."

பொய் சொன்ன பிறகுதான் கம்பியைத் திரும்பிப் பார்த்தேன். மெல்ல இறங்கினேன்.

"என்னண்ணே, எறங்கிட்டீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"கம்பி ரொம்பப் பக்கத்துல இருக்கு மாப்ள, இந்த வேலை வேணாம். வீட்லயும் கீழ நிக்கிறதாச் சொல்லிட்டேன். எறங்கலேன்னா பொய்யாப் போயிரும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இம்புட்டுப் பயமா? விடுங்க, நானே கட்டிக்கிறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

பந்தலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தாராளமா ஏறுங்க. பாதி ஏணியில நின்னு எனக்கு ஒரு போனைப் போட்டு, எங்க நிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லிருங்க."

மடித்துக் கட்டிய வேட்டி கீழே இறங்கியது. விளக்குகள் பந்தல் கால்களில் ஏறின.