ஐந்தாவது நட்சத்திரம்

ஒதிலோனைப் பொறுத்தவரை வெயிலில் நடக்கும் பந்தயம் பந்தயமே இல்லை. ரூபே நகரில் போய் முடியும் அந்தச் சைக்கிள் பந்தயம் அவனுடைய பீட்ரூட் வயலை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் கருங்கல் பாதையில் போகும். அவன் பெருமையடித்துக்கொண்ட ஒரே சொத்து அதுதான். அதுவும் ஊருக்குச் சொந்தம். சேற்றில் ஒருவன் விழுந்து, பல் உடைந்து, எழுந்து மறுபடி மிதித்தால் ஒதிலோனுக்குக் கண் கலங்கிவிடும். மனைவி பிரசவ வலியில் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகூட அவன் நின்றது கல் பாதையில்தான். அன்றைக்குப் பிறந்தவன் தமியேன்.

ஒவ்வொரு கல் பாதைக்கும் அதன் கொடுமைக்குத் தக்கபடி நட்சத்திரம் உண்டு. ஒதிலோனின் பாதைக்கு ஐந்து இருந்தது. தொடர்ந்து மூன்று பந்தயம் காய்ந்த தரையில் நடந்ததும் ஒன்றைக் குறைத்துவிட்டார்கள். மதுக்கடையில் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் கேட்டான்: "என்னப்பா, உங்க ரோட்டுல இப்ப கைக்குழந்தைய வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போலாமாமே?"

ஒதிலோன் பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

அடுத்த ஏப்ரலில் தமியேனுக்கு அந்தப் பந்தயத்தில் முதன்முறையாக இடம் கிடைத்தது. சின்ன அணி, ஒரு வருட ஒப்பந்தம். ரூபே வரை போய்ச் சேர்ந்தால் மறு வருடமும் வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அப்பாவோடு பீட்ரூட் தோண்ட வேண்டியதுதான். அவன் பாதையை ஒத்திகை பார்க்க வந்தபோது ஒதிலோன் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"கடைசி வளைவுல நடுவுல போகாத. இடது பக்கம் புல்லோரமா போயிரு."

"காஞ்சுதானேப்பா கிடக்கு. நடுவுலயே போலாமே."

"சொன்னதக் கேளு. இது நான் பொறந்து வளந்த ரோடு."

பந்தய ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக ஒதிலோன், வயலுக்கு மருந்தடிக்கும் டாங்க்கில் தண்ணீரையும் களிமண்ணையும் கலந்து அந்த வளைவின் நடுவில் கொட்டினான். கூட வந்தவன் சிநேகிதன் கஸ்தோன்.

"டேய், உன் பையனும் இதுலதானே வர்றான்?"

"அவனுக்கு வழி சொல்லிட்டேன். நீ குழாயப் பிடி."

அவன் சொன்ன வழி நல்ல வழிதான். வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் அந்தப் புல்லோரம் காலியாகக் கிடக்கும், டிராக்டரில் போகிறவனுக்கு அது தெரியும். பந்தய நாளில் அங்கே யார் நிற்பார்கள் என்பதைத்தான் அந்த மடையன் யோசிக்கவில்லை. முப்பது வருடமாக அங்கே நிற்பவனே அவன்தான். அன்றும் ஒரு கையில் பீரும் மறு கையில் உருளைக்கிழங்கு வறுவலுமாக அங்கேயே போய் நின்றான். அவனைச் சுற்றி அறுபது பேர், முதுகுக்குப் பின்னால் வாய்க்கால்.

முன்னால் வந்தவர்களில் இரண்டு பேர் சேற்றில் சறுக்கினார்கள். கூட்டத்துக்குத் திருவிழாதான். கஸ்தோன் ஒதிலோனின் விலாவில் இடித்துச் சிரித்தான். நாலாவது கும்பலில் தமியேன் வந்தான். சொன்ன சொல் தட்டாத பிள்ளை, இடது ஓரத்துக்கு ஒடித்துத் திரும்பினான். அங்கே வழி இல்லை. அப்பாவின் வயிறுதான் இருந்தது. ஒதிலோன் பின்னால் தள்ளிப் பார்த்தான், அறுபது பேர் அசையவில்லை. தமியேன் கடைசி நொடியில் நடுவுக்கு வெட்டினான். தொடை எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அவன் கைகளை ஊன்றி எழப் பார்த்தான். கூட்டம் கைதட்டியது. முப்பது வருடப் பழக்கம், ஒதிலோனின் வாய் தானாகத் திறந்தது.

"எந்திரி. ஏறு, ஏறு."

தமியேன் இன்னொரு முறை முயன்றான். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மறு வருடம் ஐந்தாவது நட்சத்திரம் திரும்பி வந்தது. வளைவுக்குத் தமியேன் பெயரையே வைத்துக் கல் நட்டார்கள். ஒரு வீரனுக்கு இந்தப் பக்கம் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஒதிலோன்தான் துணியை விலக்கினான். தமியேன் கைத்தடி ஊன்றி வந்து கல்லில் இருந்த தன் பெயரைப் படித்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"என் பேரு எதுக்கு? எங்கப்பா பேர வைங்க. இந்த வளைவுக்காக அவரு எவ்வளவோ உழைச்சிருக்காரு."

என்ன அடக்கமான பிள்ளை என்று ஊரே கைதட்டியது. கஸ்தோன் மட்டும் தரையைப் பார்த்தான். ஒதிலோனும் தட்டினான், வேறென்ன செய்வான்.