நீலக் கெபாயாவின் சொந்தக்காரி

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் அது. மலாக்காவில் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு இருபத்து நாலு வயது. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு ரவிக்கை, கவுன், கெபாயா என்று வந்ததையெல்லாம் தைத்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு என்ன உடுத்துவது என்று ஊருக்கே தெரியும். சுதந்திரத்துக்கு என்ன உடுத்துவது? அது இதற்கு முன்னால் வந்ததில்லையே! ஆளாளுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, மறைப்பானேன். தெருவில் கண்ணுக்கு அழகாக எதைப் பார்த்தாலும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் வரைந்து வைத்துவிடுவேன். சினிமாக் கொட்டகை வாசலில் புதுப் பேனர் எழுதி மாட்டினால், படத்தில் யார் நடிக்கிறார்கள் என்று பார்க்க மாட்டேன். கதாநாயகியின் ரவிக்கைக் கை எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகும் போர்த்துகீசியப் பெண்களின் அகலப் பாவாடை, சைக்கிளில் ஏறக்கூட முடியாத அளவுக்கு இறுக்கமான கால்சட்டை போட்ட இளவட்டங்கள், சீனர் வீட்டு வாசல் சுவரில் பதித்த பூ ஓடுகள், எதுவும் என் பென்சிலுக்குத் தப்பாது. சுவர் ஓட்டில் இருக்கும் பூ அடுத்த வாரம் யாராவது ஒருத்தியின் சட்டை ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவருக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் சோறு இறங்காது. "ரோட்ல மனுஷங்க நடந்து போறது ஒனக்குத் தெரியுதா, இல்ல வெறும் துணிதான் நடந்து போவுதா?" என்று கேட்பார். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

அப்படி ஒரு நாள் பசாருக்குப் போனபோதுதான் அந்த நோன்யாவைப் பார்த்தேன். நோன்யா என்றால் எங்கள் ஊரில் பல தலைமுறையாக மலாய் பேசி, இடுப்பில் சாரோங் துணியைச் சுற்றி, மேலே கெபாயா சட்டை உடுத்தி வாழும் சீனப் பெண்கள். அவளுக்கு முப்பது வயது இருக்கும். உயரம், ஒல்லி. மெல்லிய நீலத் துணியில் கெபாயா, ஓரமெல்லாம் வெள்ளை நூல் பூவேலை, நீலமும் வெள்ளையுமாக சாரோங். கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது, மூன்று புரோச்சு ஊசிதான் மாட்டுவார்கள். மற்ற நோன்யாக்கள் தங்கத்தில் மாட்டியிருப்பார்கள். இவள் வெள்ளியில் முத்துப் பதித்து மாட்டியிருந்தாள். அத்தனை கூட்டத்தில் அவள் மட்டும் அவ்வளவு அமைதியாக, அவ்வளவு அழகாகத் தெரிந்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

வாங்க வந்த மீனை மறந்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன். மூன்று கடை, நாலு கடை. ஒரு தூண் ஓரமாக நின்று நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தேன். பாதியில் அவள் திரும்பி நேராக என்னைப் பார்த்துவிட்டாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். வரைந்து முடித்தேன். அதோடு விட்டேனா? புறங்கழுத்து வெட்டு சரியாகத் தெரியவில்லை என்று தெங்கேரா சாலையில் அவள் வீட்டு வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

அந்த வாரமே கம்போங் செட்டியிலிருந்து என் தோழி வந்தாள். செட்டிகள் என்றால் பல தலைமுறைக்கு முன்னால் மலாக்காவில் வந்து தங்கிய தமிழர் வம்சம்; அந்தப் பெண்கள் நம்மைப் போலக் கோவிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள், ஆனால் பேசுவது மலாய். அவளும் மலாயில்தான் பேசுவாள், என்னை அழைக்கும் 'அக்கா' மட்டும் தமிழ். அவளுக்குத் டொண்டாங் சாயாங் நன்றாக வரும். வயலினும் ரெபானா மேளமும் வாசிக்க, ஒருவர் நாலு வரி பாட, எதிரில் இருப்பவர் நாலு வரியில் பதில் பாட வேண்டிய பாட்டு அது. மெர்டேக்கா கொண்டாட்டத்துக்கு எங்கள் வட்டாரத்தில் போடும் மேடையில் அவளைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். மருமகள் மேடை ஏறுவதில் மாமனாருக்கு இஷ்டமே இல்லை. அவள் அழுது கெஞ்சியதில், ஒரு தடவை பாடிப் பார்க்கட்டும், யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் அதோடு பாட்டுக்கு முழுக்கு என்று சொல்லிவிட்டார்.

"அக்கா, நல்லா ஒண்ணு தச்சுக் குடுங்க. நீங்களே பாத்து" என்றாள்.

இந்த 'நீங்களே பாத்து' என்ற வார்த்தை போதும், நான் தரையில் நிற்க மாட்டேன். எனக்கு அப்போது ஒரு திமிர் இருந்தது. தைத்து முடிக்கும் வரை உடையை யாருக்கும் காட்ட மாட்டேன். துணி என்ன நிறம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். வந்து போட்டுப் பார், பிறகு பேசு என்பேன். சிலர் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள், பரவாயில்லை என்று இருந்துவிடுவேன். இவளும் உயரம், ஒல்லி. நோன்யாவுக்கும் இவளுக்கும் அளவு அப்படியே ஒன்று. என் மனதில் எந்த உடை வந்து நின்றது என்று சொல்லவும் வேண்டுமா?

அதே நீலம் கிடைக்கும் வரை கடை கடையாக ஏறி இறங்கினேன். மூன்று வாரம் வெள்ளை நூலில் பூவேலை செய்தேன். சாரோங்கும் நானே தேடி எடுத்தேன். சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், என் வாழ்நாளில் அதைவிட நேர்த்தியாக ஒன்றை நான் தைத்ததில்லை.

கொண்டாட்டத்தன்று காலையில் அவள் வந்தாள். மேடை சாயங்காலம் ஐந்து மணிக்கு. பெருமை தாங்காமல் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். பிரித்தாள். கெபாயாவைப் பார்த்தாள், சாரோங்கைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"அக்கா, யாரு செத்துப் போயிட்டாங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் மெதுவாகச் சொன்னாள். நோன்யாக்கள் வீட்டில் தாயோ தகப்பனோ இறந்துபோனால் வருடக்கணக்காகத் துக்கம் காப்பார்கள். முதலில் கறுப்பு, அப்புறம் நீலமும் வெள்ளையும், அப்புறம் பச்சை. தங்கம் போட மாட்டார்கள், வெள்ளியும் முத்தும்தான். முத்து கண்ணீராம். நமக்குத் துக்கமென்றால் வெள்ளைச் சேலை, அதுதான் எனக்குத் தெரியும். நீலத்தில் துக்கம் இருக்கும் என்று நான் கண்டேனா? அவளுக்கோ, சின்ன வயதிலிருந்து நோன்யாக்களோடு பழகியதால், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மேடைக்கு முன்னால் உட்காரும் பாதிப் பேருக்கும் அப்படித்தான் தெரியும். நாடு பிறக்கிற நாளில் துக்க உடுப்பில் பாட வந்தாள் என்று பேசுவார்கள். மாமனார் காத்திருந்த ஒரு சொல் அதுதான்.

முதலில் வாய்க்கு வந்தபடி வாதாடினேன். நிறம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அந்தப் பூவேலையைத் தடவிக்கொண்டு, "எவ்வளவு நல்லா தச்சிருக்கீங்க" என்றாள். அதில் நான் உடைந்துபோனேன். அவளிடம் இருந்ததெல்லாம் வீட்டில் கட்டும் நைந்த கெபாயா. அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால், அன்றைக்கு எல்லோரும் தங்கள் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டுதானே வருவார்கள்?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெட்கங்கெட்ட யோசனைதான். அந்த நோன்யா துக்கத்தில் இருக்கிறாள் என்றால், அவளுடைய கலர் உடுப்புகள் அலமாரியில் சும்மா இருக்கும். அளவும் ஒன்று. தோழியை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, நீலக் கெபாயாவையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு தெங்கேராவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

கதவைத் திறந்தவள் அவளேதான். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. அன்றைக்கு வரைந்தது நீதானே என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே வரச் சொன்னாள். உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் நோட்டைக் கேட்டு வாங்கி, தன் படம் இருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு. மூஞ்சி எங்க?"

நான் அன்றுதான் கவனித்தேன். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, நோட்டு முழுக்க எந்தப் படத்திலும் நான் முகம் வரைந்ததே இல்லை. கழுத்தோடு நிறுத்திவிடுவேன். எனக்கு அங்கேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. போன வருடம் அம்மா இறந்துபோனதாகச் சொன்னாள். கறுப்பிலிருந்து நீலத்துக்கு மாறி முதல் முறையாக வெளியே வந்த நாளாம் அது. துக்க உடுப்பைப் பார்த்ததும் ஆட்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டு விலகிப் போனார்களாம்.

"அன்னிக்கு நீ ஒருத்திதான் என்னை நின்னு பாத்த. எதுக்குன்னு தெரியல. ஆனா நல்லா இருந்துச்சு. அதான் நானும் நின்னேன்."

பிறகு உள்ளே போய் ஒரு ரோஜா நிறக் கெபாயாவைக் கொண்டுவந்தாள். ஓரமெல்லாம் வண்ணத்துப்பூச்சி வேலை. கூடவே அதற்கேற்ற சாரோங்கும் தங்க புரோச்சும். யாரென்றே தெரியாத என் கையில் தங்கத்தை வைத்தாள்! நான் தைத்த நீலத்தைப் பிரித்துத் தன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். தோளும் கையும் அப்படியே பொருந்தின. பொருந்தாமல் என்ன, அவளைப் பார்த்துத்தானே தைத்தேன்.

"இது எனக்குத் தச்சதுதான். இத வச்சுக்கிறேன். துக்கத்துல நான் பாட்டுக் கேக்க வரக் கூடாது. என் கெபாயா போயிட்டு வரட்டும்" என்றாள்.

கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் என் தோழி ரோஜா நிறத்தில் மேடை ஏறினாள். அவள் நாலு வரி பாட, எதிரில் இருந்தவர் பதிலுக்குத் திணற, கூட்டம் கைதட்டியது. நான் பாட்டைக் கேட்கவே இல்லை, மாமனாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, தன் மருமகள் என்று மேடையைக் கைகாட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதன் பிறகு பல வருடம் அவள் பாடினாள்.

மறுநாள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவைத் திறந்த நோன்யா நான் தைத்த நீலத்தை உடுத்தியிருந்தாள். இந்த முறை அனுமதி கேட்டு, எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தை வரைந்தேன். மூக்கு கோணலாகத்தான் வந்தது. அவள் சிரித்துவிட்டு, கிழித்துத் தரச் சொல்லி வைத்துக்கொண்டாள்.

காட்டாமல் தைக்கும் திமிரை அன்றோடு விட்டேன். இன்றும் தெருவில் அழகான உடுப்பைக் கண்டால் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் முதலில் போய்ப் பேசுவேன், முகத்தைப் பார்ப்பேன், பிறகுதான் பென்சில். என் பேத்தி பழைய நோட்டைப் புரட்டும்போது, பசாரில் வரைந்த அந்தப் பக்கத்தில் முகம் வரைந்து முடித்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் பார்க்கத் தவறியவள் என்னைப் பார்த்திருந்தாள் என்பதை எனக்கு நினைவுபடுத்த, அந்த வெற்றிடம் அப்படியே இருக்க வேண்டும்.