மடிந்த குழாயும் சாம்பிராணிப் புகையும்

என் மனைவியின் கணினியைக் கெடுத்தவன் நான். அந்தப் பழியை அவள் வெள்ளிக்கிழமைகளில் போடும் சாம்பிராணியின் மேல் சுமத்தியவனும் நான்தான்.

சொல்லிவிட்டேன்... உங்களிடம் சொல்ல முடிகிறது. அவளிடம் சொல்ல முடியவில்லை.

நீங்கள் சிரிக்கலாம். ஊர் உலகத்தில் எத்தனையோ நடக்க, ஒரு கணினிக் குழாய்க்கு இவ்வளவு புலம்பலா என்று கேட்கலாம். கேளுங்கள்! ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வாணி கல்யாண வீட்டு வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிறவள். லண்டனில் எம்மவர் வீட்டில் ஒரு கல்யாணமோ, பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடோ நடந்தால், கமெராக்காரர் அள்ளிக்கொண்டு வருவதெல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். வாயில் வடையோடு அகப்பட்ட மாமாவை நீக்குவாள். மகளின் கழுத்தில் தாலி ஏறும்போது ஒதுங்கி நின்று கண்ணைத் துடைக்கும் தகப்பனை எப்படியோ தேடிப் பிடித்துச் சேர்ப்பாள். முன்பின் தெரியாத பெண்ணின் கல்யாணத்துக்குத் தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் அவள் மேல் இன்னமும் பைத்தியமாக இருக்கிறேன்.

கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்கு ஒரு சின்ன ஃப்ளாட். முன்னறையின் மூலையில் அவள் மேசை. அதே மூலையில், கைக்கெட்டும் உயரத்தில் சாமிப் படங்கள் வைத்த சுவர்த் தட்டு. வேறு இடம் இல்லை.

அவளுடைய பழைய கணினி இரைந்த இரைச்சலில், கேட்பது கெட்டிமேளமா விசிறியா என்று தெரியாது. சத்தம் போடாத, மேசையில் இடம் பிடிக்காத ஒன்று வேண்டும் என்றாள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். கடையில் வாங்குவானேன், நானே கட்டித் தருகிறேன் என்று மார்தட்டினேன். அதுவும் தண்ணீரால் குளிர வைக்கும் கணினி!

விஷயம் மிகவும் எளிது. சூடேறும் பாகங்களைத் தொட்டுக்கொண்டு குழாய் வழியே நீர் ஓடும், ரேடியேற்றரில் ஆறும், திரும்பி வரும். பெரிய பெட்டி என்றால் குழாய் சாவகாசமாக வளைந்து போகும். நான் எடுத்ததோ ஒரு சோடி சப்பாத்து வரும் பெட்டி அளவில் ஒன்று. குழாய் திரும்பும் இடமெல்லாம் முடுக்கு. முடுக்கில் குழாய் மடிந்தால் நீர் நிற்கும், நீர் நின்றால் சூடு ஏறும். ஆகவே எதில் கஞ்சத்தனம் பார்த்தாலும், எதில் அழகு பார்த்தாலும், குழாயில் மட்டும் பார்க்கக் கூடாது.

தெரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் தெரிந்துதான் செய்தேன்!

இரண்டு மாதிரித் துண்டுகள் வரவழைத்தேன். ஒன்று கண்ணாடி போலத் தெளிவானது, சுவர் மெல்லியது. மற்றது கறுப்பு ரப்பர், சுவர் தடித்தது. குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த வாணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு இரண்டையும் விரலைச் சுற்றி வளைத்தாள். மெல்லியது சட்டென்று மடிந்து தட்டையானது. தடித்தது உருண்டை குலையாமல் வளைந்து கொடுத்தது.

"இது மடியுது. கறுப்பையே போடுங்கோ," என்றாள்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.

அந்த ஓம் பொய்யில்லை. அந்த நேரத்தில் உண்மையாகவே சொன்னேன். பிறகுதான் ஆசை வந்து கெடுத்தது. பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி. வாணி தாலிகட்டுக்கு உடுத்த கூறைச்சேலை அரக்குச் சிவப்பு. அந்த நிறத்தில் நீர் ஓடினால், அவள் உட்கார்ந்து வேலை செய்யும்போதெல்லாம் பக்கத்தில் அந்தச் சிவப்பு சுற்றிச் சுற்றி வந்தால்... கறுப்புக் குழாய்க்குள் எந்த நிறம் ஓடி என்ன? தடித்த தெளிந்த குழாயும் கிடைத்தது. அது விறைத்துக்கொண்டு அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்க மாட்டேன் என்றது. மெல்லிய குழாய் மடியாமல் இருக்க மேலே சுற்றும் சுருள் உண்டு. அது நிறத்தை மறைக்கும் என்று அதையும் ஒதுக்கினேன்.

அன்பினால்தான் செய்தேன். இதை என் பக்க நியாயமாகச் சொல்லவில்லை. அன்பும் அகங்காரமும் எனக்குள் ஒட்டிப் பிறந்தவை. எது எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

மெல்லிய குழாயை வெந்நீரில் இளக்கி, பக்குவமாக வளைத்துப் பூட்டினேன். கண்ணாடிப் பக்கம் தெரிந்த வளைவுகள் எல்லாம் கண்பட்டுப் போகும் அழகு. கிராபிக்ஸ் கார்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத ஒரு வளைவு மட்டும் கொஞ்சம் சப்பையாக இருந்தது. போகப் போகச் சரிவரும் என்று மூடிவிட்டேன். இந்த உலகத்தில் எது போகப் போகச் சரிவந்திருக்கிறது, சொல்லுங்கள்!

வாணி அதைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ர கூறையின்ர நிறமெல்லே," என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டாள், "இந்தக் குழாய் மடியாதோ?"

"இது வேற குழாய். மடியாது," என்றேன்.

இதுதான் பொய். பூப் போலச் சொல்லிவிட்டேன்.

இனி வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளி தோறும் வாணி தலைமுழுகி, விளக்கேற்றி, சாம்பிராணி போடுவாள். பிறகு ஈரத் தலையை விரித்துப் புகைக்கு மேல் சரிந்து நிற்பாள். லண்டன் வீட்டில் இது இலேசான காரியமா? கூரையில் இருக்கும் புகை அலாரம் கூக்குரல் போட்டால் கீழ் வீட்டுக்காரர் ஓடி வருவார். ஆகவே நான் கதிரையில் ஏறி நின்று, ஒரு துவாயால் அலாரத்துக்கு விசிற வேண்டும். பூசை முடியும் வரை எனக்கு அதுதான் தொண்டு. சாமிக்குச் சாமரம் வீசுவார்கள், எங்கள் வீட்டில் அலாரத்துக்கு வீசுகிறோம் என்று அவள் சிரிப்பாள். நான் வாரம் முழுவதும் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருப்பேன்.

குளிர்காலம் முழுக்கக் கணினி சத்தமில்லாமல் ஓடியது. வெயில் காலம் வந்தது. இளகிய குழாய் அந்த மறைவான வளைவில் மெல்ல மெல்ல மடிந்திருக்க வேண்டும். கணினி இடையிடையே தானாக அணைந்தது. பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று நாட்களைக் கடத்தினேன். ஒருநாள் அணைந்தது அணைந்ததுதான். கார்டை ஒட்டி இருந்த சேமிப்பு வட்டும் சூட்டில் வெந்து, அவள் வெட்டித் தொடுத்திருந்த ஒரு கல்யாணம் முழுவதும் அதோடு போயிற்று.

கமெராவில் எடுத்த மூலம் பத்திரமாக இருந்தது. போனது அவள் உழைப்பு. பெண்ணின் தகப்பனார் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும்போது அதைக் கையோடு கொண்டுபோக ஆசைப்பட்டிருந்தார். அங்கே படுக்கையில் கிடந்த அவருடைய தமையனுக்குக் காட்டவேண்டுமாம். வெறுங்கையோடுதான் விமானம் ஏறினார். வாணி தொலைபேசியில் அவரிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டதை நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன்.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். பார்த்தவுடன் தெரிந்தது. கார்டுக்குப் பின்னால் குழாய் தட்டையாக மடிந்து, அந்த அரக்குச் சிவப்பு ஒரு பக்கத்தில் தேங்கி நின்றது. அவள் விரலில் சுற்றிக் காட்டிய அதே மடிப்பு! நான் அதைக் கழற்றிக் குப்பையில், தேயிலைச் சக்கைக்கு அடியில் புதைத்தேன்.

பிறகு ரேடியேற்றரைப் பார்த்தேன். அதன் இடுக்குகளில் கொஞ்சம் சாம்பல் நிறத் தூசி. எந்த வீட்டுக் கணினியிலும் இருக்கக்கூடியதுதான். விரலால் வழித்து முகர்ந்தேன். சாம்பிராணி மணத்தது.

அந்த நேரம் வாணி உள்ளே வந்தாள். கையில் பைகள். முகத்தில் அழுத களை. என்ன பிழை என்று கேட்டாள்.

நான் விரலை நீட்டிக் காட்டினேன்.

"புகை உள்ளுக்குப் போய் அடைச்சுப் போட்டுது," என்றேன்.

ஏன் சொன்னேன்? நீ சொன்னதுதான் சரி, நான்தான் கேட்கவில்லை என்று சொல்ல எத்தனை மூச்சுப் பிடிக்கும்? கணினி தெரிந்தவன் என்ற பெயரா பெரிது? இல்லை... அந்த அழுத முகம் என்னை நோக்கித் திரும்பிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் அவள் முகத்தை அவள் மேலேயே திருப்பிவிட்டேன். பொய்யும் கையும் ஒன்றாக நீண்டன. தூசி உண்மையானது. அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு நன்றாக நின்றது.

அவள் பைகளை நிலத்தில் வைத்தாள். சாமித் தட்டில் இருந்த தூபக்காலை எடுத்தாள். கழுவித் துடைத்து, ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் குசினி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். என்னோடு கோபிக்கவில்லை. சாமியோடும் கோபிக்கவில்லை. அடுத்த வெள்ளி விளக்கு மட்டும் ஏற்றினாள். தலையை மின்விசிறியில் காய வைத்தாள். எனக்கு ஏறி நிற்க வேலை இல்லை.

கணினியை மறுபடி கட்டினேன். இம்முறை கறுப்பு ரப்பர்க் குழாய். எவ்வளவு இறுக்கி வளைத்தும் அது மடியவேயில்லை. அந்தக் கல்யாணத்தை அவள் முதலில் இருந்து மறுபடி வெட்டினாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், சமைத்தேன், அவள் கால்களைப் பிடித்துவிட்டேன். இப்படி ஒரு புருசன் யாருக்குக் கிடைக்கும் என்றாள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது!

ஒருநாள் துணிந்தேன். பாதித் துணிவுதான்.

"வாணி, நீர் பழையபடி சாம்பிராணி போடும். அதில ஒரு பிழையும் இல்லை. குழாயிலதான் பிழை," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை கனிவு.

"என்ர மனம் நோகக்கூடாது எண்டு சொல்லுறியள். எனக்கு விளங்காதோ," என்றாள். என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பாருங்கள்! உண்மையைச் சொன்னேன். அது அன்பாகிப் போயிற்று. அதைத் திருத்தி, இல்லை வாணி, இது அன்பில்லை, நான் பொய்யன் என்று சொல்லியிருக்க வேண்டியவன், அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அவள் கை பட்ட சூடு இதமாக இருந்தது. அதைக் கூட விட மனமில்லாத கேவலம் எனக்கு!

சென்ற வெள்ளிக்கிழமை இல்ஃபோர்டில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அக்கா விளக்கு வைத்துச் சாம்பிராணி போட்டார். வாணியை இழுத்து உட்கார்த்தி, பின்னலை அவிழ்த்துப் புகை காட்டினார். வாணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் அப்படி இளகி நான் பார்த்து எத்தனை காலம்! ஏன் வீட்டில் இதை விட்டுவிட்டாய் என்று அக்கா கேட்டார். வாணி நடந்ததைச் சொன்னாள். தன் புகையால் கணினி போனதையும், தான் அழுததையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"ஆனா அக்கா, இவர் ஒரு சொல்லு ஏசேல்லை," என்று முடித்தாள்.

அக்கா என்னை ஒரு மகானைப் பார்ப்பது போலப் பார்த்தார். என் தட்டில் இன்னும் இரண்டு கடலை வடை வைத்தார். நான் தின்றேன்.

ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து வந்தாள். அவளது கூந்தல் முழுவதும் சாம்பிராணி மணம். கண்ணை மூடி அதை முகர்ந்துகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். குளிருக்கு மேலே போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி, வெளியே நடைபாதைக் கம்பியில் தொங்கவிட்டாள். தூறிக்கொண்டிருந்தது. நனையுமே என்றேன். நனையட்டும், இந்த மணத்தோடு கணினி இருக்கும் அறைக்குள் போகக் கூடாது என்றாள். முன்னறையை எட்டிக்கூடப் பார்க்காமல், மெல்ல அடி எடுத்து வைத்து நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் விழத் தொடங்கியது. அக்கா காட்டிய புகையைக் கழுவுகிறாள்...

நான் போய்க் கதவைத் தட்டினேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"என்னப்பா?" என்றாள்.

அவள் காத்திருந்தாள். நானும் கதவில் கையை வைத்தபடி நின்றேன்.

"ஒண்டுமில்லை. குளிரப்போகுது, கெதியா வாரும்," என்றேன்.

தண்ணீர் மறுபடி விழத் தொடங்கியது.