மத்திமம் என்று நான் எழுதிய பனிச்சரிவு

“பெப்ரவரி, இரண்டாம் ஞாயிறு, காலை 8.10. ஒர்சியேர். பனிச்சரிவு அபாயம் ஐந்தில் மூன்று: மத்திமம்.” என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. கைபேசிக்கு வந்த காலை அறிக்கையின் பிரெஞ்சுச் சொல் ‘மார்க்கே’; குறிப்பிடத்தக்க அபாயம் என்று பொருள். அதை மத்திமம் ஆக்கியவன் நான்.

என்னோடு வந்த அன்ரன் அண்ணைக்கு அது போதுமாயிருந்தது. மன்னார்க்காரர்; சுவிஸின் லா ஷோ-து-ஃபோனில் கடிகாரத் தொழிற்சாலை வேலை. மனைவி சத்திரசிகிச்சையில் பிழைத்தால், பனிக்காலத்திலேயே நடந்துபோய்ப் பெரிய புனித பெர்னார்ட் கணவாய்த் தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்த்தி. மனைவி தேறிவிட்டார்.

9.30. கணவாய்க்கு அடியே போகும் சுரங்கப்பாதை வாயிலருகே காரை விட்டோம். பனியில் புதையாத அகலச் சப்பாத்து, வாடகை ஆளுக்கு இருபது பிராங்க். கணவாய் 2469 மீற்றர் உயரத்தில். நடை ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர். மலைநடை பயின்ற அவர் மகள் மெலனி முன்னே போனாள். வானம் எங்கே முடிந்து நிலம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. என் மூச்சே வேறு யாரோ பக்கத்தில் நடப்பதுபோல் கேட்டது.

11.40. கணவாய்க்கு முந்திய கடைசிப் பள்ளம், கோம்ப் தே மோர்; இறந்தோர் பள்ளம் என்று பொருள். காலடியில் ‘வும்’ என்றது, பஞ்சு மெத்தையில் யாரோ அமர்ந்ததுபோல. எனக்கு அது இதமாகக்கூட இருந்தது. மெலனி நின்றுவிட்டாள். எதிர்ச்சரிவில் தடியைக் கிடத்தி, அதன்மேல் கைபேசியை வைத்து அளந்தாள். முப்பத்துநான்கு பாகை; முப்பதைத் தாண்டினாலே பனி சரியலாம்.

“உள்ளுக்கை ஒரு பனிப்படை இடிஞ்சிட்டுது. திரும்புவம்.”

“மத்திமம்தானே, பிள்ளை?” என்றார் அண்ணை, என்னைக் காட்டி. “இந்த மாமாவின்ர கலியாணமும் மத்திமப் பொருத்தம்தான். முப்பது வருசமா விழாமல் நிக்குது!”

“ஆர் மத்திமம் எண்டது? மூண்டிலதான் ஆகக்கூட ஆக்கள் சாகினம். நாலெண்டால் பயந்து வீட்டில இருப்பினம்.”

நான் குறிப்பேட்டைப் பைக்குள் தள்ளினேன். “பிழை என்ர, அண்ணை.”

“நேர்த்தி வைச்சது ஆண்டவரோட. அவர் பாத்துக்கொள்ளுவார்.”

“அம்மாவைக் காப்பாத்தினவர், அவவை விதவையாக்கவும் கேட்டவரோ, அப்பா?”

அண்ணை மேலே பார்த்தார். சரிவு அசையாமல், மெல்ல மூச்சுவிடுவதுபோல் வெளிச்சத்தில் கிடந்தது.

“வைகாசியிலயும் இஞ்ச பனி கிடக்குமோ?”

“ஓம், கிடக்கும்.”

“அப்ப அதுவும் பனிக்காலம்தான்” என்று திரும்பினார்.

14.05. காரடிக்கு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் அறிக்கை, அவ்வட்டாரத்தில் சில பனிச்சரிவுகள் தாமாக விழுந்தன என்றது, இடப்பெயர் தரவில்லை. கணவாய் மேலுள்ள துறவியர் விடுதிக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. நாங்கள் தாண்டாத அந்தச் சரிவு அன்று விழுந்ததா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.