மூன்றாவது ரிட்டர்ன் டிக்கெட்: ஈப்போவிலிருந்து கருங்காட்டுக்கு ஒன்பது நாள்

போன செப்டம்பர் கடைசியில் நானும் என் மனைவி மல்லிகாவும் மகள் திவ்யாவும் ஜெர்மனியின் தென்மேற்கில் ஒன்பது நாள் காரில் சுற்றினோம். ஊர் சுற்றத்தான் போனோம் என்று சொன்னால் அது பொய். அங்கே ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் திவ்யாவுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடம். அக்டோபர் முதல் தேதி சேர வேண்டும்.

மல்லிகா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஊர நான் கண்ணால பாக்கணும். எனக்குச் சரிப்படலன்னா பிள்ள நம்மளோட திரும்பி வரும்." அதனால் மூன்று பேருக்குமே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தோம். திவ்யா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மல்லிகாவின் பயமே அதுதான். காம்பாரில் படித்த காலத்தில், வீட்டிலிருந்து வெறும் நாற்பது கிலோமீட்டர், வெள்ளிக்கிழமை ஆனால் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்பாள். கடையில் ஒரு மைலோ கேட்கக்கூட என் முகத்தைத்தான் பார்ப்பாள். இரண்டு வருடம் ஜெர்மன் படித்துப் பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணியும், ஒரு வாக்கியம் பேசி நாங்கள் கேட்டதில்லை.

ஈப்போவிலிருந்து விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம், தோஹாவில் விமானம் மாறி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஃபிராங்க்ஃபர்ட். ஆட்டோ கியர் காருக்கு முழு இன்சூரன்ஸோடு ஒன்பது நாளைக்கு 610 யூரோ. நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்டார்கள், மறக்காதீர்கள். வண்டி வலது பக்கம் போக வேண்டும் என்பது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது சிக்னல் குச்சி. நமக்கு வலது கையில் இருப்பது அங்கே இடது கையில். நான் வளைவுக்கு வளைவு வைப்பரைப் போட்டுக்கொண்டே எண்பது கிலோமீட்டர் ஓட்டி ஹைடல்பெர்க் போய்ச் சேர்ந்தேன். பின் சீட்டில் மல்லிகா கந்த சஷ்டி சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்று ஞாயிறு. ஊரே பூட்டியிருந்தது. அரிசி வாங்க ஒரு கடை இல்லை. பெட்டியில் வந்த மேகியும் நெத்திலி சம்பலும்தான் இரண்டு வேளைக்கும். நெடுஞ்சாலைக் கழிவறைக்கு ஒரு யூரோ வாங்கினான், ரொட்டி கல்லு மாதிரி இருந்தது, கார் கொடுத்தவன் சிரிக்கவில்லை. மல்லிகா ஒவ்வொன்றாக மனதில் எழுதிக்கொண்டே வந்தாள். ராத்திரி ஒவ்வொன்றையும் எனக்கு ஒப்பிப்பாள்.

செவ்வாய்க்கிழமை கருங்காட்டுக்குள், அதாவது பிளாக் ஃபாரஸ்ட்டுக்குள், இறங்கினோம். ஹைடல்பெர்க்கிலிருந்து ட்ரிபெர்க் 175 கிலோமீட்டர், நின்று நின்று போனதில் நாலு மணி நேரம். கேமரன் மலை ஏறிப் பழகியவர்களுக்கு அந்த வளைவுகள் ஒன்றுமே இல்லை. ஒரு பண்ணை வீட்டின் மாடியில் நாலு இரவு தங்கினோம், ஒரு இரவுக்கு 85 யூரோ, சமையலறையோடு. அருவி பார்க்க ஆளுக்கு எட்டு யூரோ. காலையில் பனி இறங்கி பசுக்கள் கழுத்து மணியோடு நடந்துபோகும். திவ்யா ஜன்னலருகே உட்கார்ந்து புத்தகம் படிப்பாள். மல்லிகாவுக்கு அங்கே கொஞ்சம் மனசு இளகியது. ஒரு நாள் ரசம் வைத்தபோது, தண்ணி நல்ல ருசி என்றாள்.

சனிக்கிழமை மதியம் திவ்யாவின் ஊருக்குப் போனோம், நூறு கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். மூன்று வீடுகள் உள்ள ஒரு பழைய கட்டடம், அதில் முதல் மாடி வீட்டில் அவளுக்கு ஓர் அறை. கூடத் தங்கப்போகும் இரண்டு பெண்களும் இன்னும் வந்து சேரவில்லை. படிக்கட்டில் சோப்பு வாசம். கீழ் வீட்டுக் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கியது, துடைப்பம் படம் போட்டு. துடைப்பம் விற்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினோம்.

ஞாயிறு காலை எட்டு மணி. நான் இன்னும் கோப்பி குடிக்கவில்லை. முந்தின நாளே ஒரு சூப்பர்மார்க்கெட்டில் தேங்காய் வாங்கி வைத்திருந்தாள் மல்லிகா. புதுவீடு, பிள்ளை தங்குகிற வீடு, தேங்காய் உடைக்காமல் எப்படி? விமானத்தில் சூடம் கூடாதாம், அதனால் மெழுகுவர்த்தி. வாசல் நடைபாதையில் நின்று மூன்று சுற்று சுற்றி, கும்பிட்டு, ஓங்கி ஒரு போடு போட்டாள். அந்தத் தெருவில் அந்த நேரத்தில் ஒரு காக்கா சத்தம்கூடக் கிடையாது. வெடி வெடித்த மாதிரி இருந்தது. தண்ணீரும் சிரட்டைச் சில்லும் கீழ் வீட்டுப் படி வரைக்கும் சிதறின.

கீழ் வீட்டுக் கதவு திறந்தது. ஒரு மனிதர், ஐம்பது வயது இருக்கும், பஸ் டிரைவர் என்று பிறகு தெரிந்தது. பைஜாமாவோடு நின்றார். கைக்கடிகாரத்தைக் காட்டினார், தரையைக் காட்டினார், அப்புறம் அந்தப் பலகையைக் காட்டினார். எனக்கு வேர்த்துவிட்டது. மல்லிகா அதற்குள் குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவர் உள்ளே போய்த் துடைப்பத்தோடு வந்தார். இவள் போய் அதைப் பிடித்தாள். அவர் விடவில்லை. இவளும் விடவில்லை. ஒரு துடைப்பத்துக்கு இரண்டு பேர் இழுபறி, நடுவில் நான், கையில் மெழுகுவர்த்தி.

திவ்யா படியிறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அவசரமில்லாமல், தடுமாறாமல், ஒரு இடத்தில் நிறுத்தி வார்த்தையைத் தேடி எடுத்து, மறுபடியும் பேசினாள். நாலு நிமிடம் இருக்கும். அவர் இரண்டு கேள்வி கேட்டார், அதற்கும் பதில் சொன்னாள். மல்லிகா துடைப்பத்தைப் பிடித்தபடியே வாயைப் பிளந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன சொன்னாள் என்பதை அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னாள். மூன்று வருடம் நான் இருக்கப்போகும் வீட்டுக்கு அம்மா செய்த சடங்கு இது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டது எங்கள் தவறு. குப்பை எங்களுடையது, நாங்கள்தான் கூட்டுவோம், உங்கள் முறையை நாங்கள் கெடுக்கக்கூடாது. முறை என்றால், அந்தப் பக்கத்து வழக்கம். வாரம் ஒரு வீடு படிக்கட்டையும் நடைபாதையையும் சுத்தம் செய்ய வேண்டும், யார் வாரமோ அவர்கள் கதவில் பலகை தொங்கும். மனிதர் சனிக்கிழமையே முழுக்கக் கூட்டிக் கழுவி முடித்திருந்தார். அதன் மேல்தான் நாங்கள் தேங்காய் உடைத்திருக்கிறோம்.

மல்லிகாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பிறந்து வளர்ந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஆறு வீட்டுக்கு ஒரே பைப்பு. பைப்படி சிமெண்டைத் தேய்த்துக் கழுவ வீட்டுக்கு ஒரு நாள் முறை. அடுத்தவர் முறையில் அழுக்குப் பண்ணினால் லயமே சேர்ந்து பேசும். "பைப்படி முறைதான் லா இது," என்றாள். துடைப்பத்தை விட்டவர் அவர்தான். அவள் படியிலிருந்து தெருமுனை வரைக்கும் கூட்டினாள். பாதித் தேங்காயைத் திவ்யா அவரிடம் கொடுத்தாள், எப்படிச் சாப்பிடுவது என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சாயங்காலம் நடந்துவிட்டுத் திரும்பினோம். பலகை திவ்யாவின் கதவில் தொங்கியது. அடுத்த வாரம் முதல் மாடி. மல்லிகா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், கோணலாக இருந்ததை நேராக்கினாள், உள்ளே போனாள். அன்று ராத்திரி எனக்கு ஒன்றும் ஒப்பிக்கவில்லை.

திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் 210 கிலோமீட்டர். மூன்று பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேட்கவே பயமாக இருந்தது. என்ன செய்யலாம் என்றேன். மல்லிகா குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பலகை அவ கதவுல தொங்குது. முறையப் போட்டுட்டுப் பிள்ள எப்படிங்க வரும்?"

திவ்யா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நெடுஞ்சாலை ஏறியதும் மல்லிகா அழுதாள், நானும் அழுதேன். சிக்னல் போடப் போய் வைப்பரைப் போட்டேன், வெளியே மழையே இல்லை. விமானத்தில் எங்கள் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. ஆனால் கவலையில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்காதீர்கள். இறங்கினால் அன்றைய சாப்பாடு பெட்டியில் இருக்கட்டும். மொத்தம் எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டினோம், பெட்ரோல் 95 யூரோ ஆனது. சில்லறைக் காசு கையில் வேண்டும், கழிவறைக்கும் பார்க்கிங்குக்கும். செப்டம்பர் கடைசியில் காலையில் எட்டு டிகிரி, நம் ஊர் ஜாக்கெட் பத்தாது. தேங்காய் உடைப்பதென்றால் சனிக்கிழமை பகலில் உடையுங்கள், அதற்கு முன் கதவுகளில் பலகை யாருடையது என்று பாருங்கள். உடைத்தவர் கூட்ட வேண்டும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பலகை திவ்யாவின் வீட்டுக்கு வருகிறது. அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும் மல்லிகா போனை எடுத்ததும் சாப்பிட்டியா என்று கேட்பதில்லை. "கூட்டிட்டியா பாப்பா?" என்றுதான் கேட்கிறாள்.