படிக்காமல் தட்டாதவன்

காலை எட்டு மணி. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருந்தான். நைலான் நூலின் நுனியை நாக்கில் தொட்டு, பல்லால் நசுக்கி, ஒரே குத்தில் ஊசிக் காதுக்குள் நுழைத்து, கோத்த ஊசியைப் பழைய குஷன் ஒன்றில் குத்தி வைத்தான். மூன்றாவது ஊசியைக் கோக்கும்போது சட்டைப் பையில் கைபேசி சிணுங்கியது.

"அண்ணே, பேங்க்ல உங்களுக்குப் பிறந்த நாள் வாழ்த்துச் சொல்லியிருக்காங்க."

ரெக்சினை வெட்டிக்கொண்டிருந்த அண்ணனின் கத்தரிக்கோல் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டது.

"மருந்துக் கடையிலயும் சொல்லியிருக்காங்க."

வருஷா வருஷம் மார்ச் பதினொன்றாம் தேதி நடக்கிற கூத்து இது. வாழ்த்து தம்பியின் பேருக்கு வரும். நாள் அண்ணனுடையது. குஷன் கடைக்காரரான அண்ணனுக்கு இது நாற்பத்தைந்து வருஷத்துக் காந்தல்.

அவர் பிறந்தபோது அப்பா தகரப் பெட்டி மூடியின் உட்புறத்தில் தேதியை ஆணியால் கீறி வைத்தார். தலைச்சன் பிள்ளை, அந்த ஆசை. நாலு வருஷம் கழித்துத் தம்பி பிறந்தபோது ஆணியைத் தேட வீட்டில் யாருக்கும் நேரமில்லை. அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனவர் தாய்மாமா. அவருக்குத் தேதி தெரியாது. எழுதுகிறவர் ஜனவரி ஒன்று என்று போட்டுக் கதையை முடித்துவிட்டார். தம்பியைச் சேர்க்கப் போனவர் அப்பா. தேதி கேட்டதும் தமக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே தேதியைச் சொன்னார், வருஷத்தை மட்டும் மாற்றி. அண்ணன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு வெளியே வந்துவிட்டார். அவருடைய நாள் உள்ளேயே தங்கிவிட்டது.

"நான் பொறந்த நாளை நான் ஒரு காகிதத்துல எழுதினதில்லை. இவன் ஊர் பூரா எழுதிக்கிட்டுத் திரியறான்" என்று மனைவியிடம் சொல்லுவார். தம்பி வாழ்த்துகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பதை அவர் கேலி என்றுதான் வைத்திருந்தார். கேலி செய்ய அவனுக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா என்ன.

தம்பிக்குத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. மற்றவர்கள் டீக்கடை நிழலில் உட்கார்ந்து போன மாத எண்ணோடு குத்துமதிப்பாக எதையாவது சேர்த்து எழுதுவார்கள். இவன் கேட்டுக்குள் நாய் நின்றால் 'நாய். பார்க்க முடியவில்லை' என்று எழுதிவிட்டு மறுநாளும் போவான். இருபத்தாறு வருஷத்தில் நாய்கள்தான் பழகிக்கொண்டன.

ஓசி என்றால் பிடிக்காத ஆளும் இல்லை. சொல்லப்போனால் அதில் கொஞ்சம் பித்து. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்கூட்டர் சீட்டில் சாய்ந்து, இணையத்தில் எங்கே என்ன இலவசம் என்று தேடுவான். சோப்பு, பற்பசை, ஒரு மாதச் சினிமா, எதையும் விடமாட்டான். ஆனால் கேட்ட கேள்விக்கு இருந்த பதிலைத்தான் எழுதுவான். தலைமுடி எண்ணெயின் இலவச மாதிரிப் பாக்கெட் ஒன்று. தினம் எவ்வளவு முடி கொட்டுகிறது என்று படிவம் கேட்டது. அவன் தலை உள்ளங்கை மாதிரி இருக்கும். 'இப்போது கொட்டுவதில்லை. கொட்ட மீதமில்லை' என்று எழுதி அனுப்பினான். எண்ணெய் வரவில்லை. பூனைத் தீவனத்துக்கு வீட்டில் எத்தனை பூனை என்று கேட்டார்கள். 'பூனை பக்கத்து வீட்டுடையது. சாப்பிட மட்டும் இங்கே வரும்' என்று எழுதினான். அவர்கள் என்ன நினைத்தார்களோ, இரண்டு பாக்கெட்டாக அனுப்பினார்கள். ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டான்.

இலவச சினிமாவை இருபத்தொன்பதாம் நாள் நிறுத்துவான். ஏன் நிறுத்துகிறீர்கள் என்ற பெட்டியில் 'இலவசம் முடிந்தது. படங்கள் நன்றாக இருந்தன. நன்றி' என்று எழுதுவான். மறுபடி புது எண் போட்டுப் புது ஆளாக உள்ளே போகிற வேலையெல்லாம் கிடையாது.

"ஊர்ல ஒவ்வொருத்தனும் ஒம்போது ஆளா மாறி வாங்கறான் மாமா. உங்க தம்பி இந்த ஒம்போது வருஷமா ஒரே ஆளாவே இருக்கார்" என்று அவன் மனைவி அண்ணனிடம் முறையிட்டிருக்கிறாள்.

இன்னொரு கோணலும் உண்டு. 'விதிமுறைகளைப் படித்தேன்' என்று எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வருமே, உலகமே கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற கட்டம், அதை இவன் படித்துவிட்டுத்தான் தட்டுவான். விரலால் வரி வரியாகத் தள்ளி, உதட்டை அசைத்துக்கொண்டு, எத்தனை பக்கம் இருந்தாலும். "படிக்காம படிச்சேன்னு எப்படித் தட்டறது?" என்பான். தெருவில் சிலர் தங்கள் கைபேசியைக் கொண்டுவந்து இவனிடம் படிக்கக் கொடுத்துவிட்டுப் போவார்கள். "பதினோராம் பக்கத்துல ஒரு சங்கதி இருக்கு. தினம் காலையில உங்களைக் கூப்பிட்டுப் பேசுவாங்களாம். பரவாயில்லையா?" என்று திருப்பிக் கொடுப்பான்.

போன வருஷம் மனைவிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கக் கடையின் செயலியில் பதிந்தபோது, பிறந்த தேதி கட்டாயம் என்று அது அடம்பிடித்தது. காகிதத்தில் உள்ள மார்ச் பதினொன்றைப் போட்டான். மனசு கேட்கவில்லை. விளக்கம் எழுத வேறு பெட்டி இல்லாததால் முகவரியின் இரண்டாவது வரியில் 'தேதி சான்றிதழ்படி' என்று சேர்த்துவிட்டான். கண்ணாடி கொண்டுவந்தவர் தெருமுனையில் நின்று, "தேதி சான்றிதழ்படி வீடு எதுங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கண்ணாடிக் கடையிலிருந்துதான் இந்த மார்ச் பதினொன்றில் மூன்றாவது சிணுங்கல் வந்தது. எது வந்தாலும் உரக்கப் படிக்கிற பழக்கத்தில் தம்பி அதையும் படித்தான்.

"'இன்று உங்கள் பிறந்த நாள். எங்கள் பரிசாக ஒரு கண்ணாடி, லென்ஸோடு இலவசம். இன்று மட்டும்.'"

கத்தரிக்கோல் நின்றது.

அண்ணனுக்கு இரண்டு வருஷமாகவே பக்கத்துப் பார்வை மங்கல். தினம் காலையில் தம்பி வந்து பத்து ஊசி கோத்துவிட்டுப் போவது அதனால்தான். நடைபாதையில் விற்கிற கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ஒரு கண்ணுக்கு ஒன்று, மறு கண்ணுக்கு வேறொன்று பவர், தலைவலிதான் மிச்சம். அளவெடுத்துச் செய்வதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். போன வாரம் பல் டாக்டர் ஆறு நாற்காலியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மெத்தை ஓரத்தில் சுருட்டித் தைக்கிற பைப்பிங் பாம்பு மாதிரி நெளிந்திருந்ததாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"போய் வாங்குடா. என் பவர்ல" என்றார் அண்ணன்.

"அது எப்படிண்ணே. எனக்கு இன்னைக்குப் பிறந்த நாள் இல்லையே."

"எனக்கு இருக்கில்ல."

"உங்க பேர்ல வரலையே."

அண்ணன் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். "நாப்பத்தஞ்சு வருஷமா என் நாளைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சே. அப்பெல்லாம் உனக்கு உறுத்தலை. இன்னைக்குத்தான் அது முதல் தடவையா ஏதோ சம்பாதிச்சுக் கொடுக்குது, இன்னைக்குப் பார்த்து யோக்கியன் ஆயிட்டியா?"

தம்பி கடைசி ஊசியைக் குஷனில் குத்தினான். "வாங்க, கடைக்கே போய்க் கேட்டுடலாம்."

கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண். தம்பியின் கைபேசியைப் பார்த்துச் சிரித்த முகமாக, "வாழ்த்துகள் சார். இன்னைக்கு உங்க பிறந்த நாள்தானே?" என்று கேட்டாள்.

ஒரு 'ஆமா' போதும். அண்ணன் தம்பியின் காலை மிதித்தார்.

"காகிதத்துல ஆமா" என்றான் தம்பி.

"அது போதும் சார்."

"காகிதத்துக்குக் கண்ணாடி வேணாமேம்மா. நாள் இவரோடது. பேர் என்னோடது. கண்ணு இவரோடது."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ உண்மையில யாருக்குத்தான் பிறந்த நாள்?"

இதை யாரும் அண்ணனிடம் கேட்டதில்லை. "எனக்கு" என்றார். சொன்ன குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"ஏதாவது கார்டு இருந்தாக் காட்டுங்க சார், மேனேஜர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன்."

கேட்டதுதான் தாமதம், பையிலிருந்து உருவி நீட்டினார். நீட்டிய பிறகுதான் உறைத்தது. அவள் தயங்கித் தயங்கி, "இதுல ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கே சார்" என்றாள்.

உண்மையைச் சொன்னவர் பொய்க்காரராய் நின்றார். அவளுக்கே பாவமாகப் போய்விட்டது. குரலைத் தாழ்த்தித் தம்பியிடம், "பேர் உங்களோடதுதானே சார், பிறந்த நாளும் உங்களோடதுன்னு ஒரு ஆமா சொல்லுங்க. நான் போட்டுடறேன்" என்றாள்.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தான். பிறகு கவுண்டரிலிருந்த கைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கண் பரிசோதனை எல்லா நாளும் எல்லாருக்கும் இலவசம்தான் என்று சொல்லி அந்தப் பெண் அண்ணனை உள்ளே அனுப்பினாள். அரை மணி கழித்து அவர் இரண்டு கண்ணுக்கும் பவர் எழுதிய சீட்டோடு வெளியே வந்தார். தம்பி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டு கைபேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தான். ஸ்கூட்டரில் ஏறாமல் அண்ணன் நடந்தே கடைக்குத் திரும்பினார். எல்லா ஊசியும் அன்று குஷனில் அப்படியே நின்றது.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தம்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் ஆணி பிடுங்கினார். கோக்க ஊசி ஒன்றும் பாக்கியில்லை என்று கண்டு, தம்பி டப்பாவிலிருந்து இன்னும் பத்தை எடுத்துக் கோத்தான்.

"உங்க போனைக் கொடுங்கண்ணே."

"எதுக்கு? அதுலயும் என் பேரை எடுத்துக்கவா?"

"நேத்து நீங்க உள்ள போனப்ப அந்தக் கடையோட விதிமுறை பூராவும் படிச்சேன். பதினாலு பக்கம். ஒன்பதாவதுல இருக்கு, தேதிக்குச் சான்று கேக்க மாட்டாங்களாம். செயலியில பதியறவர் உண்மையைச் சொன்னாப் போதுமாம். உங்க பேர்ல உங்க தேதியைப் போட்டா உங்களுக்கே வரும்."

"இதை நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"ஒரு மாசம் முன்னாடியே பதிஞ்சிருக்கணுமாம். அதனால அடுத்த மார்ச்சுலதான்."

"ஒரு வருஷமா? அதுக்குள்ள நான் தடவித் தடவித்தான் தைக்கணும்."

"பைப்பிங் வேலை இருந்தா சாயங்காலம் வரேன். தையல் ஓட வேண்டிய இடத்துல சாக்பீஸ்ல தடிமனாக் கோடு போட்டுத் தரேன். டாக்டர் நாற்காலியிலேர்ந்து ஆரம்பிப்போம்."

அண்ணன் ஆணி பிடுங்குவதை நிறுத்தினார். "சரி, உன் பேர்ல இருக்கிற தேதி? அதுக்கு அடுத்த வருஷமும் வாழ்த்து வந்து தொலைக்குமே."

"அந்தக் கடையில எடுத்துடச் சொல்லி எழுதிட்டேன். 'பிறந்த நாள் சலுகை எதுவும் இனி உங்களுக்கு வராது, சம்மதமா'ன்னு கேட்டாங்க. சம்மதம்னு சொல்லிட்டேன்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். இவன் பிறந்தது என்றைக்கு என்று நினைத்துப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. தன்னை யாரோ பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை. பெட்டி மூடியின் உட்புறம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதில் ஒரு கீறல்தான் இருந்தது.

கைபேசியை எடுத்துக் கொடுத்தார். தம்பி பேர், எண், முகவரி எல்லாம் தட்டினான். தேதிக்கு வந்ததும் கைபேசியை அவரிடமே நீட்டினான்.

"இதை நீங்க போடுங்க."

எழுத்து புழுப் புழுவாகத் தெரிந்தது. வாசல் வெளிச்சத்துக்குப் போய்க் கையை முழுசாக நீட்டிப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் உருட்டினார். மார்ச் வந்து நின்றது. பதினொன்று நின்றது. வருஷம் பின்னாலே பின்னாலே போய், தம்பியின் வருஷத்தைத் தாண்டி, இன்னும் நாலு தள்ளிப் போய் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அடியில் ஒரு சின்னக் கட்டம். தட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று விரலைக் கொண்டுபோனார்.

தம்பி மணிக்கட்டைப் பிடித்தான்.

"படிக்காம எப்படிண்ணே? எழுத்து உங்க கண்ணுக்குத் தெரியாட்டிப் போகுது, நான் படிக்கறேன். பதினாலு பக்கம்தான். கேட்டுட்டுத் தட்டுங்க."

அண்ணன் அவனை முறைத்தார். பிறகு ஆணிக் குறட்டை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியின் வெற்றுச் சட்டத்தின்மேல் உட்கார்ந்து, ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.